தெற்குக் கரைக்கு என்ன?

மலையடிக் காட்டுக் குளத்தருகே ஒரு மான் கூட்டமும் ஓர் ஆள்காட்டிக் குருவியும் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தன. குருவி தரையில்தான் முட்டையிடும். மான்கள் அதை மிதிக்காமல் சுற்றிப் போகும். பதிலுக்குக் குருவி தினமும் விடிந்ததும் குளத்தைச் சுற்றிப் பறந்து, எந்தக் கரையில் என்ன இருக்கிறது என்று வந்து சொல்லும். அது சொல்லி முடிக்கும்வரை ஒரு மானும் தண்ணீருக்கு இறங்காது.

"வடக்குக் கரையில் முதலை வெயில் காய்கிறது. கிழக்குக் கரையில் சேறு ஆழமாக இருக்கிறது. தெற்குக் கரையில் யாரும் இல்லை, அங்கே குடிக்கலாம்" என்று குருவி ஒவ்வொன்றாகச் சொல்லும்.

அந்த வருடம் கோடை கடுமையாக இருந்தது. கூட்டத்தின் தலைவன் கிளையனுக்குப் பொறுமை போயிற்று.

"ஏய் குருவி! காலட்சேபமா நடத்துகிறாய்? நீ முடிப்பதற்குள் எங்கள் நாக்கு ஒட்டிக்கொள்ளும்!"

"எனக்கு மட்டும் ஆசையா, அண்ணே? வெயில் ஏறுவதற்குள் வயிற்றை நனைத்துவந்து முட்டைகளைக் குளிர வைக்கணுமே!"

"அப்படியானால் சுருக்கிச் சொல்!"

மறுநாள் குருவி, "தெற்குக் கரை!" என்று மட்டும் கத்திவிட்டுப் பறந்தது.

மான்கள் ஓடின. கிளையனின் துணை செவலை மட்டும் நின்றாள்.

"தெற்குக் கரைக்கு என்ன?" என்று கேட்டாள்.

"என்ன என்றால்? அங்கே குடிக்கலாம் என்றுதான்! இதுகூடவா புரியவில்லை?"

"அவள் அப்படிச் சொல்லவில்லையே!"

"சொல்லாததை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்!" என்றான் கிளையன். மற்ற மான்கள் சிரித்தன.

பத்து நாள் அப்படியே நடந்தது. "மேற்குக் கரை!" என்று கத்தினால் மேற்கே குடித்தார்கள். "தெற்குக் கரை!" என்றால் தெற்கே. ஒரு தீங்கும் வரவில்லை. செவலை தினமும் கேட்டாள். தினமும் சிரித்தார்கள்.

பதினோராம் நாள், தெற்குக் கரைக் கோரைக்குள் ஒரு சிறுத்தை வயிறு தரையில் பட ஒட்டிக் கிடந்ததைக் குருவி பார்த்தது.  பதறிப் பறந்து வந்து வாயைத் திறந்தது. பத்து நாள் பழகிய பேச்சுத்தான் வெளியே வந்தது.

"தெற்குக் கரை! தெற்குக் கரை!"

"குரல் நடுங்குகிறதே! தெற்குக் கரைக்கு என்ன, தங்கச்சி?" என்றாள் செவலை.

குருவி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கிளையன் கொம்பால் செவலையின் விலாவை நெட்டினான்.

"மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா? இன்றைக்கு நீதான் முதலில் இறங்குகிறாய். அப்போதாவது நம்புவாய்! நட!"

குருவிக்கு மூச்சு திரும்புவதற்குள் செவலை கரைக்கு இறங்கிவிட்டாள். தண்ணீரில் வாய் வைத்தாள். கோரை அசைந்தது. மான்கள் சிதறி மேட்டுக்கு ஓடிவந்து திரும்பிப் பார்த்தன. தண்ணீர் சிவப்பாகக் கலங்கியிருந்தது. கோரைக்குள் எதையோ இழுத்துப் போகும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் குருவிக்குப் பேச்சு முழுதாக வந்தது. "தெற்குக் கரையில் சிறுத்தை பதுங்கியிருக்கிறது!"

"இப்போது சொல்கிறாயே, பாவி!" என்று அலறினான் கிளையன்.

"அப்போதே கத்தினேனே, அண்ணே!"

"கரையின் பெயரைக் கத்தினாய்! கரைக்கு என்ன என்று சொன்னாயா?"

"சுருக்கச் சொன்னது யார்? அக்கா கேட்டாளே! இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால் சொல்லியிருப்பேனே! அவளை நெட்டித் தள்ளியது யார்?"



மறுநாள் விடிந்ததும் குருவி நான்கு கரைகளைப் பற்றியும் முழுதாகச் சொன்னது. மான்கள் கடைசிச் சொல்வரை அசையாமல் நின்று கேட்டன. பிறகு மேற்குக் கரைக்குப் போய்க் குடித்தன. கிளையன் மட்டும் அன்று தண்ணீருக்கு இறங்கவில்லை.

எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதற்கு என்ன ஆயிற்று என்பதையும் சொன்னால்தான் அது வாக்கியம்; பாதி சொல்லி நிறுத்துவது தவறு, கேட்காமல் மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு.