இரண்டு நூல் இடைவெளி

ஒரு பட்டறையில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கியர்பாக்ஸ் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்காகப் பத்து வருஷம் பிந்திய மாடலிலிருந்து ஒரு கியர்பாக்ஸைக் கழற்றிக்கொண்டு வந்தார் மெக்கானிக் செபஸ்தியான். பொருத்திப் பார்த்தார். போல்ட் இறங்கவில்லை. கியர்பாக்ஸின் போல்ட் மாட்டும் காதில் இருந்த ஓட்டைக்கும், வண்டியின் சட்டமான சேசிஸில் இருந்த ஓட்டைக்கும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வித்தியாசம். அரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

“சொல்லுங்க, யாரைத் தேய்க்கணும்?” என்றது அரம். “எனக்கு யாரானாலும் ஒண்ணுதான்.”

“இதென்ன கேள்வி, வந்தவளைத்தான்,” என்றது சேசிஸ்.

“என்னைத் தேய்ச்சா காது மெலிஞ்சுபோகும். முதல் மேட்டுலயே ஒடியும்,” என்றாள் கியர்பாக்ஸ். “உங்க இரும்பு கனம். ஓட்டையைக் கொஞ்சம் நீட்டினா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“வந்து காலே வைக்கல, பேச்சைப் பாரு,” என்றது பெட்ரோல் டேங்க்.

“ஒத்துவரலைன்னா பழைய இரும்புக்குத்தான் போவே,” என்றது சேசிஸ்.

அது அவளுக்குத் தெரியும். வாசலில் கிடந்த குவியலைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தாள். ஆனால் காதைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாலும் கடைசியில் அதே குவியல்தான். கொஞ்சம் சுற்றுவழி, அவ்வளவே.

“தேய்க்க விட மாட்டேன்,” என்றாள்.

எஞ்சின் தொண்டையைச் செருமியது. “இங்க பாரும்மா, நானும் வேற மாடல்லருந்து வந்தவன்தான். என் காலை வெட்டித்தான் உட்கார வெச்சாங்க. இன்னிக்கும் வேகமெடுத்தா வலிக்குது. வாயைத் திறந்தேனா?”

“என் அடிவயித்தை அடிச்சே உள்ள தள்ளினாங்க,” என்றது டேங்க், பெருமையாக.

“அந்தக் காயத்தையெல்லாம் சேசிஸ்கிட்ட காட்டாம என்கிட்ட எதுக்குக் காட்டுறீங்க?” என்றாள் கியர்பாக்ஸ்.

எஞ்சின் சேசிஸிடம் மெதுவாகக் கேட்டது: “ஏன்யா, அன்னிக்கு நீ கொஞ்சம் இடம் கொடுத்திருந்தா என் கால் தப்பிச்சிருக்குமா?”

“தப்பிச்சிருக்கும்.”

“அப்புறம் ஏன் கொடுக்கலை?”

“யாரும் கேட்கலையே,” என்றது சேசிஸ்.

செபஸ்தியான் திரும்பி வந்து அரத்தை அவள் காதில் வைத்தார். வழுக்கியது. மறுபடி வைத்தார்; மறுபடியும் வழுக்கியது. அவள் அசையவில்லை. நிமிர்ந்து, சேசிஸின் கனத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“அட, இதையே நீட்டிடலாமே.”

ஓட்டை நீண்டது. போல்ட் இறங்கியது. வண்டி மலையேறித் திரும்பியது.

சில மாதம் கழித்து சைலன்சர் ஒருத்தி வந்தாள், இன்னும் பிந்திய மாடல். அவளுடைய வளைவு கியர்பாக்ஸின் விலாவில் இடித்தது.

“அரம் எங்கப்பா?” என்றது டேங்க்.

கியர்பாக்ஸ் தன் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சைலன்சரிடம் கேட்டாள்: “நான் எவ்வளவு நகரணும்?”