சொல்லக் கூடாத இருபத்துநாலு

தலையாட்டிப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே அறிவு ஏராளமாக இருந்தது. யாரும் எடுத்துச் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் காசிலிங்கம் சவுண்டு சர்வீஸ் என்று ஒரு கடை. கூட்டாளிகள் நான்கு பேர். மூத்தவர் காசிலிங்கம், எதற்கும் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. தவசி ஒயர் இழுப்பான். உலகு கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுவான். குணசீலன் மைக்கைத் தட்டி, 'ஹலோ, ஹலோ' என்பான். அவன் ஹலோ சொன்னால் பக்கத்து ஊர் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

குணசீலன் கல்யாணத்துக்கு மாமனார் சீராகக் கொடுத்த ஜெனரேட்டர் ஒன்று கடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் ஒருவன், "கிரிப்டோல போட்டா பங்குனிக்குள்ள ஒண்ணு மூணாகும்ணே" என்று சொல்லி வைத்தான். கிரிப்டோ என்றால் கையில் பிடிக்க முடியாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கும் காசு. நால்வரும் கூடி யோசித்து, ஒரு ஜெனரேட்டரை மூன்று ஜெனரேட்டராக்க முடிவு செய்து, அதை விற்று அந்தக் காசை வாங்கிக் குணசீலனின் போனில் போட்டு வைத்தார்கள்.

அவன் மனைவி செவ்வந்தி சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

"மூணெல்லாம் வேண்டாம். எங்கப்பா குடுத்த ஒண்ணு பங்குனித் திருவிழாவுக்குள்ள இந்த வாசல்ல வந்து நிக்கணும். இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டு வாசல்ல போய் நிப்பேன்."

குணசீலனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. செவ்வந்தி என்றால் அவனுக்கு உயிர். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே கண் கலங்கிவிடும், பாவம்.

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ரெஜினா அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள். "போன்ல வெச்சிருந்தா எவனாவது வழிச்சு எடுத்துட்டுப் போயிருவான். ஹார்டுவேர் வாலெட்னு காசைப் பூட்டி வைக்கிற சாமான் ஒண்ணு இருக்கு, வாங்கி அதுல மாத்திக்கோங்க" என்றாள்.

நால்வரும் நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள்.

"வாலெட்டா? என்ன அளவு? அரை இஞ்சா, முக்கா இஞ்சா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"முக்கா இஞ்சுக்கு மூணு ஜெனரேட்டர் கொள்ளுமா?" என்றார் காசிலிங்கம்.

கடைக்காரர் வால்வு என்று நினைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வால்வு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் ரெஜினாவின் மேஜையில் வைத்து, காசை இதில் ஊற்றச் சொன்னார்கள். அவள் அதை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு அவளே, தயாரிக்கிற கம்பெனியிடமிருந்தே நேராக, சீல் உடையாத பெட்டியாக ஒன்றை வரவழைத்தாள்.

தீப்பெட்டி அளவில் ஒரு சாமான். அதில் ஒரு குட்டித் திரை. "மொதல்ல ஒரு பின் போடணும். பின் இல்லாம யாராலயும் திறக்க முடியாது" என்றாள். உலகு வளையல் கடைக்கு ஓடி ஓர் அட்டை நிறைய ஊக்கு வாங்கி வந்தான். பின் என்றால் ரகசிய எண் என்று ரெஜினா விளக்கியதும் எண்ணைப் போட்டு, போனிலிருந்த காசையும் அதற்கு மாற்றினார்கள். வாங்கிய ஊக்கு வீணாகக் கூடாதென்று, சாமானை ஒரு துணிப்பையில் போட்டுக் காசிலிங்கத்தின் பனியனோடு சேர்த்து ஒன்பது ஊக்கும் குத்தினார்கள். அவர் அன்று முதல் குளிப்பதை நிறுத்திவிட்டார்.

அதற்கு முன்னால் நடந்ததுதான் முக்கியம். திரையில் இருபத்துநான்கு இங்கிலீஷ் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரெஜினா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் பாக்க மாட்டேன். நீங்களே பேப்பர்ல வரிசையா எழுதிக்கோங்க. போட்டோ எடுக்காதீங்க, போன்ல அடிச்சு வைக்காதீங்க. இந்தப் பெட்டி உடைஞ்சாலும் அந்தச் சொல்லு இருந்தா காசை மீட்டுரலாம். ஆனா வேற எவனுக்காவது சொல்லு தெரிஞ்சா காசு அவனுக்கு. யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்தச் சொல்லு உங்க வாயிலேர்ந்து வெளிய வரவே கூடாது!"

"வரவே வராது" என்று நால்வரும் சத்தியம் செய்தார்கள். தாளை ஒரு குழாய் ஸ்பீக்கருக்குள் ஒளித்துவிட்டு மறுபடி சொற்களை நினைத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் வந்த ஆபத்து புரிந்தது. முதல் சொல் ஹலோ. இரண்டாவது கரண்ட். மூன்றாவது காபி. நான்காவது வேன். அப்புறம் பஸ், ஒயர், லைட், சுவிட்ச், ஃபேன், ரேடியோ, டெஸ்ட் என்று, அவர்கள் காலையிலிருந்து இரவுவரை சொல்கிற சொற்களாகப் பார்த்து வந்து நின்றன.

"அண்ணே, ஹ... மொதல் சொல்லைச் சொல்லாம நான் எப்படி மைக் டெஸ்ட் பண்றது?" என்றான் குணசீலன்.

"டேய்! இப்ப பதினொண்ணாவது சொல்லைச் சொல்லிட்ட!" என்று காசிலிங்கம் அவன் வாயைப் பொத்தினார். "யாரும் கேக்கல. இனிமே ஜாக்கிரதை. உனக்குப் பொண்டாட்டி வேணுமா, ஹலோ வேணுமா?"

"பொண்டாட்டிதாண்ணே. ஆனா நீங்களும் இப்ப சொல்லிட்டீங்க."

காசிலிங்கம் தன் வாயையும் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. டீக்கடையில் உலகு, "கறுப்பா, கசப்பா, சூடா இருக்குமே, அதுல ஒண்ணு" என்று கேட்டுக் கஷாயம் குடித்தான். பெண் பார்க்கப் போன தவசி, மேலே சுற்றுகிற அதைப் போடச் சொல்லத் தெரியாமல் வேர்த்து ஊற்றியபடி உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி என்று சம்பந்தம் நின்றுபோனது.

ஒருநாள் தவசி வெறுங்கையால் ஒயரைப் பிடிக்கப் போனான்.

"தவசி, தொடாத! அதுல அது இருக்கு!" என்று கத்தினான் உலகு.

"எது?"

"ரெண்டாவது சொல்லு!"

தவசி விரல் விட்டு எண்ணினான். முதல் சொல்லைத் தாண்டி இரண்டாவதற்கு வந்தபோது விரல் ஒயரில் பட, அதுவே அவனைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டது. "கண்டுபிடிச்சிட்டேன்" என்று முள்ளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

தை மாதம் செந்தமிழ்ப் பேரவையின் விழா வந்தது. ஒலிபெருக்கி இவர்களுடையது. குணசீலன் மேடையேறி மைக்கைத் தட்டினான். ஹலோ தொண்டை வரை வந்துவிட்டது, விழுங்கினான். "வணக்கம், வணக்கம். சோதனை, சோதனை" என்றான். கீழே உலகுவைப் பார்த்து, "மின்சாரம் வருதாடா? பேருந்துப் பக்கம் குழாய் கேக்குதா?" என்றான்.

பேரவைத் தலைவர் புலவர் அறவாழி முன்வரிசையில் இருந்தார். நாற்பது வருஷமாக மக்கள் தூய தமிழ் பேச வேண்டும் என்று மேடைமேடையாக முழங்கியவர் அவர்; வீட்டில் அவர் பேரனே அவரைத் தாத்தா என்று கூப்பிடாமல் கிராண்ட்பா என்பான். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றைய நிகழ்ச்சியில் அமைச்சருக்கு வைத்திருந்த பொன்னாடையை நால்வருக்கும் சேர்த்துப் போர்த்தி, 'செந்தமிழ்ச் செம்மல்' என்ற பட்டமும் கொடுத்தார்.

"எளிய மக்கள் எப்படி இதைச் சாதித்தீர்கள்? ஊருக்குச் சொல்லுங்கள்" என்று மைக்கைக் குணசீலன் கையில் தந்தார்.

கூட்டத்தில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் அவனைப் பார்த்துச் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது, அன்று சிரித்தாள். குணசீலனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பெருசா ஒண்ணும் இல்லீங்கய்யா. இருபத்துநாலு சொல்லைச் சொல்றதில்லைன்னு சத்தியம் பண்ணினோம். அம்புட்டுதான்."

"எந்தெந்தச் சொற்கள்?"

குணசீலன் மார்பை நிமிர்த்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு, இருபத்துநான்கையும் வரிசை மாறாமல் சொன்னான். நான்கு தெருவிலும் கட்டியிருந்த குழாய்கள் அதை ஊர் முழுக்கச் சொல்லின. கைதட்டல் அடங்க நேரமானது.

ரெஜினா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், எச்சில் கையோடு ஓடிவந்தாள். காசிலிங்கத்தின் பனியனிலிருந்து ஊக்குகளைக் கழற்றிச் சாமானைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரையில் சைபர் நின்றது.

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"யாருகிட்டக்கா சொன்னேன்? மைக்குகிட்டதானே சொன்னேன்" என்றான் குணசீலன். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

காசிலிங்கம் சாமானைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "பெட்டி பத்திரமா இருக்கு. ஒன்பது ஊக்கும் இருக்கு. அப்ப காசு எப்படிப் போகும்?"

"ஊக்கு ஓட்டை வழியா ஒழுகியிருக்குமோ?" என்றான் தவசி.

பனியனைக் கழற்றிப் பிழிந்து பார்த்தார்கள். வந்தது காசு இல்லை. கடைசியில் இது திருட்டுத்தான் என்று தீர்ப்பாகி, நால்வரும் பொன்னாடையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே நேற்றுத்தான் மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க ரகசியச் சொல்லு தெரிஞ்ச எவனோ காசை எடுத்துட்டான் சார்" என்றார் காசிலிங்கம்.

"என்ன சொல்லு?"

காசிலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"அதை யாருகிட்டயும் சொல்லக் கூடாது சார்."

"நான் போலீஸ்யா!"

"போலீஸா இருந்தாலும் நீங்களும் யாரோதானே சார்" என்றான் உலகு மரியாதையாக.

அந்த நேரம் பார்த்து மேஜையிலிருந்த போன் அடித்தது. சப்-இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"ஹலோ!"

நால்வரும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

"ஆமா, இங்க கரண்ட் இல்ல. காபிகூட வரல. வேன் எங்க நிக்குது?"

"அண்ணே," என்று குணசீலன் காசிலிங்கத்தின் காதைக் கடித்தான். "வரிசை மாறாம சொல்றாருண்ணே!"

காசிலிங்கம் தலையை ஆட்டினார். தோளிலிருந்த பொன்னாடையை உருவிக் கயிறாக முறுக்கினார். உலகு ஸ்டேஷன் கதவைச் சாத்தித் தாழ்போட்டான். தவசி மேஜைக்குப் பின்பக்கமாக நகர்ந்தான். குணசீலன் ஒரு மூலையில் ஒதுங்கி வீட்டுக்குப் போன் போட்டான்.

"வணக்கம் செவ்வந்தி. வாசலைக் கூட்டி வை, ஜெனரேட்டர் வந்த மாதிரிதான். திருடன் தானாவே போலீஸ் ஸ்டேஷன்ல வந்து உக்காந்திருக்கான்!"