தவிட்டுக்கு விற்ற இளவரசன்

வெகு காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டைக் கடம்பவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொடுத்த கிராமத்தை மாலையில் பிடுங்கிக்கொள்வான். பிடுங்கியதை நினைத்து அழவும் செய்வான்.

அவனுக்கு மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூன்றும் தொட்டிலைத் தாண்டவில்லை. புவனேந்திரன், சர்வஜித்து, அமரேசன் என்று அவர்களுக்குப் பெயர் வைத்தவர் ஆஸ்தானத்து அம்பலவாண பண்டிதர். ஒவ்வொரு பெயரும் எந்தச் சாஸ்திரத்தில் பிறந்தது, அதன் பொருள் என்ன என்று அரை நாள் பேசிவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு போவார்.

நான்காவதும் ஆண். இந்தத் தடவை ராணி பண்டிதரை அந்தப்புரத்துக்குள் விடவில்லை. பிள்ளை தங்காத வீடுகளில் ஊரார் செய்வதையே செய்ய வேண்டும் என்றாள். பிறந்ததைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, குப்பை என்றே பெயர் வைப்பார்கள். யாருக்கும் வேண்டாத பண்டம் என்று யமன் தாண்டிப் போய்விடுவான்.

ராஜா மந்திரியைக் கேட்டான். மந்திரியின் பெயர் பிச்சை. நான்கு பிள்ளைகளைப் புதைத்த அவருடைய அம்மா, ஊரில் வீடு வீடாகப் பிச்சை எடுத்த அரிசியில் கஞ்சி காய்ச்சி அவருக்கு ஊட்டி, அந்தப் பெயரை வைத்திருந்தாள். செய்யலாம் என்றார் மந்திரி. தமக்குப் பின் பிறந்த தங்கைக்கும் பிச்சாயி என்றுதான் வைத்தார்கள், அவள் தங்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

பண்டிதருக்கு வயிறு எரிந்தது. பிச்சை சொல்லிக் குப்பை அரண்மனை ஏறுகிறதே.

"நல்லது மகாராஜா. ஆனால் இளவரசரின் பெயரைச் சுமந்துகொண்டு தெருவெல்லாம் பொடியன்கள் திரிகிறார்களே. எந்தக் குப்பையையோ தேடி வருகிறவன் வழி தவறி இங்கே நுழைந்துவிட்டால்?"

ராஜாவுக்குப் பயம் பிடித்தது. அன்றே பறை அறைந்தார்கள். குப்பை என்ற பெயர் இனி இளவரசருக்கு மட்டும். மற்றவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாதவர்கள் பிள்ளையோடு எல்லை தாண்டிப் போக வேண்டும். எல்லைக்கு அப்பால் இருந்தது தண்ணீரில்லாத முள்ளுக்காடு.

பண்டிதர் கோட்டை வாசலில் உட்கார்ந்து, பொருள் சொல்லிச் சொல்லிப் புதுப் பெயர்களை வழங்கினார். தாய்மார்கள் அழுதுகொண்டே வாங்கிப் போனார்கள். அரண்மனையில் நெல் குத்தும் செம்பாயி மட்டும் இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"உன் மகனுக்குச் சிரஞ்சீவி என்று வைக்கிறேன். சாவில்லாதவன் என்று பொருள்."

"அது எங்க மூத்தவன் பேருங்க" என்றாள் செம்பாயி. "மூணு மாசம் இருந்தான்."

மறுநாள் விடிந்ததும் அவளைக் காவலர்கள் எல்லைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மந்திரி மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றுதான் சடங்கு. பண்டிதர் ஏற்பாடு செய்த குப்பை தங்கத் தாம்பாளத்தில் வந்தது. சந்தனத்தூள், ரோஜா இதழ், கொஞ்சம் ஜவ்வாது.

"இந்த வாசனைக்கு யமன் வழி கேட்காமலே வந்துவிடுவான்" என்றார் மந்திரி.

சபையில் யாரோ சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. தாம்பாளத்தைத் தட்டிவிட்டு, பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு களஞ்சியத்துக்குப் பின்னாலிருந்த குப்பைமேட்டுக்கு நடந்தான். சபை மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போயிற்று. ராணி பிள்ளையைச் சாம்பலிலும் உமியிலும் புரட்டி எடுத்தாள்.

இது பாதிச் சடங்குதான் என்றார் மந்திரி. பிள்ளையைத் தவிட்டுக்கு விற்க வேண்டும். பெற்றவர்களே விற்றுத் தள்ளியதை யமன் சீண்ட மாட்டான். வாங்குகிறவள் ஏற்கெனவே ஒரு குப்பையைப் பிழைக்க வைத்தவளாக இருக்க வேண்டும். பெயரையும் அவள்தான் வைக்க வேண்டும். அப்படி யார் இருக்கிறார்கள் என்று ராஜா கேட்டான். மற்றக் குப்பைகள் எல்லாம் நேற்றே பெயர் மாறிவிட்டார்கள், மிச்சமிருப்பவள் எல்லைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்றார் மந்திரி.

குதிரை ஓடியது. கால் புழுதியோடு வந்து நின்ற செம்பாயியிடம் மந்திரி செய்ய வேண்டியதைச் சொன்னார். ஒரு முறம் தவிட்டை அவள் ராஜாவின் பட்டு மடியில் கொட்டினாள்.

"விற்றேன்" என்றான் ராஜா.

செம்பாயி பிள்ளையை வாங்கி, அதன் காதில் குப்பை என்று கூப்பிட்டாள். பிறகு இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தாள். இதை மந்திரி சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"எங்கே போகிறாய்?"

"எல்லைக்குங்க மகாராசா. உத்தரவு போட்டிருக்கீங்களே. இப்ப எங்கிட்ட ரெண்டு குப்பை இருக்கு."

ராஜா மந்திரியைப் பார்த்தான்.

"இனி அது அவள் பிள்ளை" என்றார் மந்திரி. "வளர்க்கச் சொல்லி அவள் கொடுத்தால் நாம் வளர்க்கலாம். பிடுங்கினால் விற்றது பொய்யென்று யமனுக்குத் தெரிந்துபோகும். ஒரே வீட்டில் பெரிய குப்பை, சின்னக் குப்பை. உத்தரவு நின்றால் இரண்டு பேரும் சேர்ந்துதானே எல்லை தாண்ட வேண்டும்?"

"இது சூது மகாராஜா" என்றார் பண்டிதர்.

ராஜா அவர் பக்கம் திரும்பினான். "என் மூத்தவன் பெயருக்கு என்ன பொருள்?"

"உலகை ஆள்பவன்."

"அடுத்தவன்?"

"எல்லாரையும் வென்றவன்."

"மூன்றாமவன்?"

அமரேசன் என்றால் சாகாதவர்களின் தலைவன். ராஜா காத்திருந்தான். கடைசியில் பண்டிதர் தம் பொன்னாடையை அவிழ்த்துக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

உத்தரவு ரத்தாயிற்று. மந்திரிக்கு ஒரு கிராமம் கிடைத்தது. ராஜா அதைத் திரும்பப் பிடுங்கவே இல்லை. உனக்கு என்ன வேண்டும் என்று செம்பாயியைக் கேட்டான். ஒன்றும் வேண்டாமென்று அவள் பிள்ளையை ராணியிடம் நீட்டினாள். "என் பிள்ளைய நல்லா வளத்துக் குடுங்க."

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஊரில் விஷக் காய்ச்சல் வந்தது. இளவரசன் பிழைத்தான். செம்பாயியின் குப்பை பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த பின் அவள் அரண்மனைக்கு வந்தாள். தவிட்டுக்கு வாங்கியதைக் கேட்கத்தான் வருகிறாள் என்று ராஜா தொட்டிலை மறித்துக்கொண்டு நின்றான். மந்திரி அவளைப் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போக வரலீங்க" என்றாள். "வீட்டுல அந்தப் பேரச் சொல்ல ஆள் இல்ல. ஒரு தரம் கூப்பிட்டுப் பாத்துட்டுப் போறேன்."

ராஜா விலகி நின்றான்.

"குப்பை" என்றாள் செம்பாயி.

தொட்டிலில் இருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தது.