நாற்பது தாவல் நிலம்

பனிமூட்டம் பஞ்சு பஞ்சாய் மிதக்கும் அல்லிக் குளக்கரையில் ஒரு முயலக்கா இருந்தாள். மூன்று குட்டிகள், ஒரு துண்டு நிலம், ஒரு சின்னப் பை விதைக்கடலை. அவ்வளவுதான் அவள் சொத்து.

முந்தின நாள் நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்க வேண்டும். தவறினால் அந்த வருஷம் குட்டிகளுக்குக் கடலை இல்லை.

கரடியண்ணன் கொட்டகைக்கு ஓடினாள். அங்கே இரண்டு டிராக்டர்கள் நின்றன. ஒன்று யானை உயரத்தில், சிவப்பு நிறம். இன்னொன்று பூசணிப்பூ நிறத்தில் ஒரு மினி டிராக்டர்.

"அந்தச் சின்னது போதும்ணே."

கூரைமேல் இருந்த மயில் சிரித்தது. "ஐயே! இதை வெச்சா உழப்போறே? பார்க்கிறவங்க தள்ளுவண்டின்னு நினைப்பாங்க!"

முயலக்காவின் காதுகள் தொங்கிவிட்டன. கண்ணை மூடினாள். சிவப்பு டிராக்டரின் உச்சியில் அவள், காலடியில் வெள்ளை மேகம், காடே அண்ணாந்து பார்க்கிறது... ஆகா!

"நிலம் எத்தனை தாவல், தாயி?" என்று கேட்டார் கரடி. அந்தக் காட்டில் நிலத்தைத் தாவித்தான் அளப்பார்கள்.

"இதோ, அளந்துட்டு வரேன்!"

ஓடிப்போய், சின்னச் சின்னதாகக் குறுக்கித் தாவினாள். பன்னிரண்டு தாவல் நிலம் நாற்பது ஆனது!

"நாற்பதா? அப்போ பெரிசுதான் சரி" என்று கரடி சிவப்பு டிராக்டரை ஓட்டி வந்தார்.

முன்சக்கரம் ஒரு வரப்பில் இடித்தது. பின்சக்கரம் மறுவரப்பை விட்டு இறங்கவே இல்லை. "எங்கேம்மா திருப்புறது?" என்று கரடி வளைத்தார். வரப்பு சரிந்தது. சக்கரத்தடியில் ஈரமண் அமுங்கிக் கல்லாய் இறுகியது. பாதி நிலம் போச்சு!

மூத்த குட்டி விதைப் பையைக் கட்டிக்கொண்டு கேட்டது. "அம்மா, கடலையை எங்கே போடுறது?"

முயலக்காவுக்குக் கனவு கலைந்தது. "அண்ணே, நான் தாவினது பொய்த் தாவல்!"

"அடிப் பாவி! வாயைத் திறந்து முதல்லயே சொல்றதுக்கென்ன?" கரடி தலையில் அடித்துக்கொண்டார். "சரி, ஈரம் இன்னும் இருக்கு. குட்டிங்களா, நீங்க தாவுங்க!"

குட்டிகள் நன்றாக எட்டித் தாவின. பன்னிரண்டுதான்.

மினி டிராக்டர் வந்தது. மூலைக்கு மூலை ஊஞ்சல் மாதிரி வளைந்து திரும்பியது. மிச்ச மண் பொலபொலவென்று மலர்ந்தது.

"தள்ளுவண்டி! தள்ளுவண்டி!" என்றது மயில்.

"ஆமா மயிலே, வந்து ஒரு கை தள்ளிட்டுப் போ!" என்றாள் முயலக்கா, விதை ஊன்றிக்கொண்டே.

ஒரு மாதம் போனதும், உழுத பாதியில் மஞ்சள் பூக்கள் பனிக்குள் மினுங்கின. அறுவடையில் குட்டிகளுக்குக் கடலை கிடைத்தது, வழக்கத்தில் பாதிதான். இறுகிய பாதியில், சக்கரத் தடத்தில் தேங்கிய தண்ணீரைத் தட்டான்கள் தொட்டுவிட்டுப் போயின.

ஊர் பார்க்கிற உயரத்துக்கு வண்டி எடுக்காமல், நம் நிலத்தை உள்ளபடி அளந்து அதற்குள் திரும்புகிற வண்டியை எடுப்பதே புத்திசாலித்தனம்.