கட்டிக்குள் மாவு வைத்த பூனை

பட்.

பரணில் ஏதோ வெடித்தது. பெரிய சத்தம் இல்லை. காய்ந்த சுரைக்குடுக்கை தானாகப் பிளந்தால் கேட்குமே, அந்த அளவுதான். ஆனால் கீழே மாவுத் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்த சாம்பிக்கு முதுகு மயிர் முழுக்க எழுந்துவிட்டது.

சாம்பி ஒரு பூனை. விலங்குக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், மேகம் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு மலையில், நஞ்சி என்பவளின் ரொட்டி அடுப்பில் அவள் வேலை செய்தாள். பூனைகளுக்கு அப்போது அதுதான் தொழில். நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்னங்கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து மாவை மிதிப்பார்கள். மனிதக் கைக்கு வராத பதம் அதில் வரும். நஞ்சியின் ரொட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு தடம் இருக்கும்: நான்கு சின்னக் குழி, நடுவில் ஒரு பெரிய குழி. மலையில் எல்லாரும் அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

"என்னடி சத்தம்?" என்று அடுப்புப் பக்கமிருந்து நஞ்சி கேட்டாள்.

"காத்துதான்க்கா."

"காத்து பரணுக்குள்ள எதுக்குடி போவுது?"

சாம்பி இன்னும் வேகமாக மாவை மிதித்தாள்.

பரணில் இருந்தது ஒரே ஒரு பொருள்தான். பாலாடைக்கட்டி. வண்டிச் சக்கரத்தின் குடம் போல உருண்டையாக, மஞ்சள் ஓட்டோடு, பெரணி இலைப் படுக்கையில் உட்கார்ந்திருந்தது. நஞ்சியின் புருஷன் பெள்ளன் காய்ச்சலில் விழுவதற்கு முன்னால் கடைசியாகச் செய்து வைத்தது. காய்ச்சல் போய்விட்டது. போகும்போது அவன் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கஞ்சி கொடுத்தால் மண் என்றான். தேன் கொடுத்தால் தண்ணீர் என்றான். ஒன்பது நாளாக ஒரு பிடி உள்ளே போகவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், போர்வைக்கு அடியில் ஆள் இருக்கிறானா என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

"அந்தக் கட்டிய அறுத்தியா புள்ள?" என்று மட்டும் தினமும் கேட்பான். "அது ஒண்ணுதான் தின்னணும்போல இருக்கு."

அறுக்க முடியாது. பால் கொடுத்த எருமை கரும்பி அதற்கு ஒரு வார்த்தை வாங்கியிருந்தாள். நாற்பது நாள் ஆகாமல் கட்டியில் கத்தி படக் கூடாது. பட்டால் மடி வற்றிவிடும். நஞ்சி முந்தாநாள் தொழுவத்துக்குப் போய்க் கெஞ்சிக்கூடப் பார்த்தாள்.

"ரெண்டு நாள் முன்ன பின்ன இருந்தா என்னடி? மனுசன் கிடக்கிற கிடையப் பாரு."

"தாராளமா அறுத்துக்கோ," என்றாள் கரும்பி, அசை போடுவதை நிறுத்தாமல். "அப்புறம் மடியத் தடவிட்டு எங்கிட்ட வந்து அழாதே."

இன்று முப்பத்தொன்பதாம் நாள்.

கட்டிக்குக் காவல் சாம்பி. வேலை முடிந்ததும் பரணில் ஏறி அதன் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். சுவரில் குடியிருக்கும் எலிகள் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினோரு நாள் ஒழுங்காகத்தான் பார்த்தாள். பசி என்று சொல்ல முடியாது. தினமும் ஒரு கிண்ணம் பாலேடு கிடைத்தது. ஆனால் காவல் என்பது ஒன்றும் நடக்காத வேலை. ஒன்றும் நடக்காத இடத்தில் மூக்கு மட்டும் விழித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டாம் நாள் கட்டியை மெல்ல ஒருபக்கமாகச் சாய்த்து, யாரும் பார்க்காத அடிப்பக்கத்தை ஒரே ஒரு தடவை நக்கினாள். மறுநாள் இன்னொரு தடவை. நக்கின இடம் பள்ளமானது. பள்ளம் குழியானது. ஒருநாள் தலையை உள்ளே விட்டுத் தின்றுகொண்டிருக்கும்போதுதான், இது என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்றே அவளுக்கு உறைத்தது.

நஞ்சி ஒருநாள் விட்டு ஒருநாள் ஏணியில் ஏறி, விரல் முட்டியால் கட்டியைத் தட்டிப் பார்ப்பாள். கனத்த கட்டி 'தொம்' என்னும். முப்பத்தேழாம் நாள் அது 'டொக்' என்றது.

"உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி கேக்குதேடி."

"முத்திட்டா அப்படித்தான்க்கா கேக்கும்."

நஞ்சி நம்பினாள். ஆனால் அவள் புருவம் நம்பவில்லை. அது போதும் சாம்பிக்கு. அவள் கீழே இறங்கிப் போன கையோடு, சாம்பி தொட்டியிலிருந்து மாவை உருட்டி உருட்டி வாயில் கவ்விப் பரணுக்குக் கொண்டுபோனாள். குழி நிறைய வைத்து மிதித்து அடைத்தாள். மறுநாள் மனசு கேளாமல் நஞ்சி மறுபடி ஏறித் தட்டினாள். 'தொம்' என்றது. "அப்பாடா," என்று இறங்கினாள்.

அது புளித்த மாவு. புளித்த மாவு சும்மா இருக்காது, மூச்சு விட்டு மூச்சு விட்டு எழும்பும் என்று சாம்பிக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து மாவில் நின்றவள். பயந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிறகுதான் ஞாபகம் வரும். கீழே அடுப்புச் சூடு, மேலே புகைச் சூடு. இரண்டு நாளில் மாவு எழும்பி, இடம் போதாமல், ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது.

நஞ்சி ஏணியில் ஏறினாள். கட்டி மூன்றாகப் பிளந்து கிடந்தது. அவள் கண்ணுக்கு மாவு படவில்லை. கட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓடு இருந்ததுதான் பட்டது.

"யாருடி?"

இரண்டு வழி இருந்தது சாம்பிக்கு. இரண்டும் அவள் முன்னால் தெளிவாக இருந்தன.

"எலிதான்க்கா," என்றாள்.

நஞ்சி யாரையும் கைநீட்டி அடித்தவள் இல்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. ஓட்டுத் துண்டுகளை மடியில் அள்ளிக்கொண்டு கீழே இறங்கி, ஒரு பிடி செம்மண்ணைக் குழைத்து, சுவரோரம் எலிகள் போய்வரும் வளையை அப்படியே பூசி அடைத்தாள். எலிகள் உள்ளே சரிந்த ஈர மண்ணுக்குத் தப்பி, வெளிப்பக்க ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகத் தூறலுக்குள் வந்து நின்றன. தாத்தா, பாட்டி, குஞ்சு குளுவான் எல்லாம். மூத்த எலி சுண்டன் நனைந்த மீசையோடு சன்னல் விளிம்பில் தொற்றி ஏறினான்.

"தாயி, பதினெட்டு உருப்படி மழையில நிக்குது. நாங்க என்ன செஞ்சோம்னு சொல்லிட்டாவது அடை."

"கட்டியத் தின்னதும் இல்லாம வாயி வேறயா?"

"கட்டியா? நாங்க அந்தப் பக்கமே போறதில்லியே. அக்கா ஒருத்தி அங்க படுத்திருக்காங்களே, பல்லைக் காட்டிக்கிட்டு. போனா வர முடியுமா?" சுண்டன் உள்ளே எட்டி, நஞ்சியின் மடியில் இருந்த ஓட்டுத் துண்டுகளைப் பார்த்தான். "அதென்ன தாயி, உள்ள மாவு?"

"மாவா?"

"எலி தின்னும். ஒத்துக்கிறேன். தின்னுட்டு, அந்த இடத்துல மாவு வச்சு அடைச்சுட்டா போகும்? எங்களுக்கு அவ்வளவு வேல தெரிஞ்சா நாங்க ஏன் சுவத்துக்குள்ள குடியிருக்கோம்?"

நஞ்சி ஓட்டைத் திருப்பினாள். அடியில், மாவு பிதுங்கி நின்ற இடத்தில், அழுந்தின தடம் ஒன்று இருந்தது. நான்கு சின்னக் குழி, நடுவில் ஒரு பெரிய குழி.

அவள் திரும்பிச் சாம்பியைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. மாவு அப்பி வெள்ளையாக இருந்த முன்னங்கால்களைப் பார்த்தாள்.

"அவரு உசுரு அதுல இருந்துச்சுடி," என்றாள். கத்தவில்லை.

சாம்பிக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாய் திறந்தது. வந்தது வேறு. "அக்கா, ஓட்டுல இன்னும் ஒட்டிட்டிருக்கு. சுரண்டினா ஒரு கையளவு தேறும். பாலைச் சுண்டவிட்டு, தேன் ஊத்தி, அதுல கரைச்சீங்கன்னா..."

"பேசாதே."

"இல்லக்கா, தனியா வச்சா ஒரு வாய்க்குக்கூடக் காணாது, அதனாலதான்..."

"பேசாதேன்னேன். இனி எங்கிட்டப் பேசாதே. மாவையும் தொடாதே."

சாம்பி வாயை மூடிக்கொண்டாள். தொட்டியிலிருந்து இறங்கி மூலைக்குப் போனாள்.

நஞ்சி முதலில் வளையை அடைத்த மண்ணைத் தானே பெயர்த்தெடுத்தாள். பிறகு பால் பானையோடு தொழுவத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கரும்பி காதை ஆட்டினாள். "கத்தி படலியே? தானாத்தானே வெடிச்சுது. என் வார்த்தைக்கு ஒண்ணும் குறையில்ல. கற."

பிறகு நஞ்சி, பேசாதே என்று யாரிடம் சொன்னாளோ அவள் சொன்னபடியே எல்லாம் செய்தாள். வேறு வழி இல்லை. ஓட்டின் உள்பக்கத்தைக் கத்தி படாமல் கரண்டி விளிம்பால் சுரண்டினாள். ஒரு கையளவுதான் தேறியது. பாலை அடிபிடிக்காமல் கிண்டிக் கிண்டிக் கால்வாசியாகச் சுண்டவைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கிற சூடு வந்ததும் தேன் ஊற்றினாள். சுரண்டின கட்டியை உதிர்த்துப் போட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் மசித்தாள். கட்டியும் இல்லை, பாலும் இல்லை என்கிற மாதிரி வழவழவென்று ஒன்று வந்தது. ஒரு கையளவு இருந்தது ஒரு கிண்ணம் ஆகியிருந்தது.

நேற்றைய ரொட்டியில் இரண்டு துண்டு அறுத்தாள். கல்லில் வெண்ணெய் விட்டு ஒருபக்கம் மட்டும் சிவக்க வாட்டினாள். திருப்பி, வாட்டின பக்கத்தின் மேல் அந்த விழுதைத் தடவினாள். ஓரம் வரை தடவவில்லை. உருகினால் தானே ஓரத்துக்கு வரும். தீயைத் தணித்து, மேலே சட்டியைக் கவிழ்த்து மூடினாள். கொஞ்ச நேரத்தில் மூடிக்குள் சின்னச் சின்னதாகக் கொப்புளம் வெடிக்கிற சத்தம் கேட்டது. திறந்தபோது மேலே அங்கங்கே பொன்னிறப் புள்ளி விழுந்திருந்தது.

வாசம் உள்ளறைக்குப் போனது.

"என்ன புள்ள அது?" என்றான் பெள்ளன்.

நஞ்சி அவனைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, ஒரு மூலையைப் பிய்த்து வாயில் வைத்தாள். அவன் மென்றான். மெல்லுவதை நிறுத்தினான்.

"இனிக்குது," என்றான். மறுபடி மென்றான். "உப்பும் இருக்கு. அடியில கறுக்கு முறுக்குன்னு என்னவோ இருக்கு."

"ரொட்டி."

"மண்ணா இல்ல புள்ள," என்றான். இரண்டு துண்டையும் தின்றான். விரலை நக்கினான். ஒன்பது நாளைக்குப் பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, "இது எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டான்.

நஞ்சி மூலையைப் பார்த்தாள். சாம்பி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாளில் பெள்ளன் எழுந்து நடந்தான். நஞ்சியே மாவு பிசைந்தாள். ரொட்டி கல் மாதிரி வந்தது. வாங்க வந்தவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "தடம் எங்க நஞ்சி? இது ரொட்டியா, வாசலுக்கு வைக்கிற கல்லா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

பதினோராம் நாள் மதியம், கொல்லையில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த நஞ்சி, போர்வையை வெயிலில் போட உள்ளே வந்தாள். பெள்ளன் மடித்து வைத்திருந்த போர்வையின் மேல் சாம்பி நின்றிருந்தாள். கண்ணைப் பாதி மூடி, நகத்தை உள்ளே இழுத்து, வலது கால், இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தாள். மாவு இல்லை. ஆனால் பதம் ஒன்றும் தவறவில்லை. தொண்டைக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. வார்த்தையாகாத ஒன்று, குர்ரென்று.

நஞ்சி போர்வைப் பக்கம் குனிந்தாள்.

"சரி, போதும்டி," என்றாள். "தொட்டி சும்மாத்தான் கிடக்கு. வந்து பிசை. ஒரு கோவத்துல சொன்னேன்."

சாம்பி மிதிப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு வார்த்த பேசேன்."

சாம்பி அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். எலி என்று சொன்னதும் அந்த வாய்தான், கட்டியைத் தின்றதும் அந்த வாய்தான். அதை நம்பி இன்னொரு வார்த்தையை வெளியே விட அவளுக்கே துணிவு வரவில்லை. மாவுத் தொட்டிக்கும் அவள் போகவில்லை. வேலை மறக்கவில்லை என்று மட்டும் காட்டினாள், போர்வையில்.

பூனைகள் பேச்சை விட்டது அந்த நாளில்தான். மெத்து மெத்தென்று எதைக் கண்டாலும், போர்வையோ சேலைத் தலைப்போ நம் மடியோ, கண்ணைச் செருகிக்கொண்டு பிசைய ஆரம்பித்ததும் அன்று முதல்தான். நாம் ரொட்டித் துண்டை ஒருபக்கம் வாட்டி, கொஞ்சம் சீஸை இனிப்புப் பாலில் குழைத்துத் தடவி மூடி வைக்கிறோமே, அது வந்ததும் அன்றுதான். சீஸ் குறைவாக இருந்ததால் வந்தது. சீஸ் தின்றது எலி என்ற பழி மட்டும், பாவம், இன்னும் எலிகளை விட்டுப் போகவில்லை.

நஞ்சி போர்வையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய், பாதியில் விட்ட சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள்.