கர்னலின் வாலைப் பிடித்த ஹெப்சி

மொன்டானா புல்வெளியில் ஒரு செம்மறி மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் புல்வெளி எவ்வளவு அகலம் என்றால், காலையில் ஒரு ஆடு கத்தினால் எதிரொலி சாயங்காலம்தான் திரும்பி வரும். அதுவும் வழியில் குளிர் பிடித்து, தொண்டை கட்டிப்போய் வரும்.

அந்த மந்தையில் ஹெப்சி என்று ஒரு பெட்டை ஆடு. அவளுக்குப் பிறவியிலேயே சந்தேகம். ஓடையில் வாய் வைப்பதற்கு முன், தவளை அந்தத் தண்ணீரைக் குடித்ததா, குடித்த தவளை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பாள். புல் கொஞ்சம் கூடுதலாகப் பச்சையாக இருந்தால், "இது ஏன் இவ்வளவு பச்சை?" என்று விலகிப் போவாள். சூரியன் உதித்தால்கூட, நேற்று வந்த அதே ஆள்தானா என்று ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்வாள்.

மற்ற ஆடுகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. முன்னால் ஒரு வால் தெரிந்தால் போதும், பின்னாலேயே நடந்துவிடும். முதல் வால் மந்தைத் தலைவர் சைலஸ் கிடாவுடையது. அவருக்கு முன்னால் யாருடைய வாலும் இல்லாததால், அவர் காற்று தள்ளுகிற பக்கம் நடப்பார். ஹெப்சி நின்று நின்று பார்த்து வருவதால் எப்போதும் கடைசி.

ஒரு இலையுதிர் காலத்தில் மனிதர்கள் வந்து மந்தை முழுவதையும் ரயிலில் ஏற்றினார்கள்.

"பார்த்தியாம்மா ஹெப்சி!" என்றார் சைலஸ். "நம்மள நகரத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. எவ்வளவு மரியாதை!"

"மரியாதையாக் கூப்பிட்டவங்க ஏன் அண்ணே கதவை வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டாங்க?"

"காத்து அடிக்கும்ல!"

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ரயில் ஓடியது.

சிகாகோவில் இறக்கிவிட்டார்கள். அங்கே புகை எவ்வளவு கெட்டி என்றால், காக்கைகள் சிரமப்பட்டுப் பறப்பதில்லை. அதன் மேலேயே நடந்து போய்விடும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரவேலி போட்ட பட்டிகள். மாடு, பன்றி, ஆடு என்று எல்லாவற்றின் சத்தமும் ஒன்றாகக் கலந்து காதை அடைத்தது. பட்டிகளுக்கு நடுவே ஒரு பெரிய செங்கல் கட்டடம். அதற்குள் ஏறிப் போக நீளமான ஒரு மரச்சரிவு.

ஹெப்சி வேலி ஓரமாக நின்று ரயில்களைக் கவனித்தாள். வருகிற வண்டியெல்லாம் கத்திக்கொண்டு வந்தது. போகிற வண்டி எதிலும் ஒரு முனகல்கூட இல்லை. பெட்டிகளை மூடி வைத்திருந்தார்கள். அடியில் பனிக்கட்டித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சைலஸ் அண்ணே, வர்றவங்க எல்லாம் சத்தம் போட்டுக்கிட்டு வர்றாங்க. திரும்பிப் போறவங்க ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க?"

"வயிறு நிறைஞ்சு தூங்குறாங்க போல!"

அந்த நேரத்தில்தான் வேலிக்கதவைக் கொம்பால் தள்ளிக்கொண்டு கர்னல் உள்ளே வந்தார்.

கர்னல் ஒரு வெள்ளாட்டுக் கிடா. எந்தப் படையில் கர்னல் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. தேய்த்துவிட்ட மாதிரி பளபளப்பான உடம்பு. வாயில் எந்நேரமும் எதையோ மென்றுகொண்டிருந்தார். ஒரு திண்டின் மேல் ஏறி நின்று தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! பயணக் களைப்பா? கவலைப்படாதீங்க! அந்தச் சரிவுக்கு அந்தப்புறம் புது மேய்ச்சல் காத்துக்கிட்டிருக்கு! இடுப்பளவு புல்! கடிக்கிறதுக்கு முன்னாலேயே கரையுற புல்!"

மந்தை மொத்தமும் எச்சில் விழுங்கியது. ஹெப்சி மட்டும், "நீங்க யாருங்கய்யா?" என்று கேட்டாள்.

"நானா? நான் இந்த நாட்டுச் சரித்திரம் அம்மா!" என்று கர்னல் தாடியை ஆட்டினார். "கேளுங்க! ஆதியில சில பேர் கப்பல் ஏறினாங்க. போகாதே, கடல் விழுங்கிடும்னு சந்தேகக்காரங்க சொன்னாங்க. அவங்க கேட்டாங்களா? கேட்கல! முன்னால போனாங்க! நாடு கிடைச்சுது! அப்புறம் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்த ராஜா வரி போட்டார். தேயிலைப் பெட்டியைத் தூக்கித் தண்ணியில கொட்டினாங்க! ராஜா நாட்டுத் துணி வேண்டாம், நாமே நெய்வோம்னாங்க! யார் கம்பளி? உங்க பாட்டன் பூட்டன் கம்பளி!"

"ஆகா!" என்றார் சைலஸ். தன் கம்பளியை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டார்.

"அப்புறம் மாட்டுவண்டி கட்டி மேற்கே போனாங்க. மலை மறிச்சுது, ஏறினாங்க. அண்ணன் தம்பி சண்டை வந்துது. சிப்பாய்க்குப் போர்வை எங்கேயிருந்து? உங்ககிட்டேயிருந்து! அடிமைச் சங்கிலி அறுந்துது. தண்டவாளம் போட்டாங்க. இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் ரயில் ஓடுது. இது எல்லாம் யாரால? முன்னால போனவங்களால! பின்னால நின்னவங்க பேர் யாருக்காவது தெரியுமா?"

மந்தை ஆரவாரம் செய்தது. அது அடங்கும்வரை ஹெப்சி பொறுத்திருந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். அந்தக் கப்பல்ல அவங்களோட வந்த ஆடுங்க எல்லாம் இப்ப எங்க?"

"சரித்திரத்துல இருக்காங்க!"

"சரித்திரத்துல புல் இருக்குங்களா?"

கர்னல் வாயில் இருந்ததை வேகமாக மென்றார்.

"இன்னொண்ணு," என்றாள் ஹெப்சி. "எங்க புல்வெளி பூரா பெரிய பெரிய மண்டையோடு கிடக்கு. கொம்போட. அது யாருங்கய்யா?"

"அதுவா? காட்டெருமைங்க. முன்னேற்றத்துக்கு வழிவிடாதவங்க."

"அந்த எருமைகளோட வாழ்ந்த ஜனங்க?"

"அவங்களை வேற இடத்துக்கு அனுப்பியாச்சு."

"அவங்களுக்கு முன்னால நடந்து வழிகாட்டினது யாரு?"

"இந்தப் பொம்பளைக்கு நாக்கு நீளம்!" என்று கர்னல் சிரித்தார். சிரிப்பு தாடியைத் தாண்டிக் கண்ணுக்குப் போகவில்லை. "முதல்ல பக்கத்துப் பட்டிக்காரங்க. அடுத்தது நீங்க. தயாரா இருங்க!"

பக்கத்துப் பட்டியில் கறுப்பு மூஞ்சிச் செம்மறிகள். கர்னல் அவற்றிடமும் கப்பலிலிருந்து ஆரம்பித்து ரயில்வரை ஒரு சொல் குறையாமல் சொன்னார். பிறகு சரிவில் முன்னால் ஏறினார். கறுப்பு மூஞ்சிகள் ஒன்றன் வாலை ஒன்று பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஏறின. சரிவின் உச்சியில் இருந்த பெரிய கதவு அவற்றை விழுங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரம்தான். கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கர்னல் திரும்பி வந்தார். தனியாக வந்தார். வாயில் புதுப் புகையிலை. அதை ஒரு பக்கக் கன்னத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒதுக்கிக்கொண்டே வந்தார்.

ஹெப்சி வேலியிடுக்கில் மூக்கை நீட்டினாள். "எங்கே போயிட்டு வர்றீங்க?"

"மேய்ச்சல்ல விட்டுட்டு வரேன்."

"இடுப்பளவு புல்லுன்னீங்க. உங்க குளம்புல ஒரு துளி பச்சை இல்லையே."

"நான் ஓரமா நடப்பேன்."

"நீங்க ஏன் அங்கே இருந்து மேயல? கரையுற புல்லை விட்டுட்டு எதுக்குப் புகையிலை?"

"கடமை அம்மா, கடமை! புகையிலை அந்தக் கட்டடத்துல என்மேல பிரியமா இருக்கிறவங்க கொடுத்தது."

"அந்தக் கதவுகிட்ட நிக்கிற ஆளுங்கதானே உங்கமேல பிரியமா இருக்கிறவங்க? அவங்க இடுப்புல ஏன் தோல் உடுப்பு கட்டியிருக்காங்க? அதுல ஏன் ஈரம்?"

கர்னல் காது கேட்காதவர் மாதிரி நகர்ந்துவிட்டார்.

ஹெப்சி யோசித்துப் பார்த்தாள். இத்தனை நாள் சந்தேகப்பட்டதில் பாதிக்கு மேல் வீண். பச்சைப் புல் வெறும் பச்சைப் புல்தான். சூரியனும் அதே சூரியன்தான். ஆனால் இந்த முறை சந்தேகம் தப்பாகப் போய்விடக் கூடாதா என்று அவளே ஏங்கினாள். சைலஸிடம் ஓடினாள்.

"அண்ணே! அது மேய்ச்சல் இல்ல, கசாப்புக் கூடம்! போனவங்க யாரும் திரும்பல. சத்தமில்லாத வண்டியில போறது அவங்கதான்! ஏறாதீங்க!"

சைலஸ் மற்ற ஆடுகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "போன வருஷம் உப்புக்கட்டியில விஷம்னு சொன்னவதானே இவ?"

"ஆமா, அதை நாங்க நக்கி நக்கித்தான் தேய்ச்சோம்!" என்றது ஒரு கிழட்டு ஆடு. மந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

ஹெப்சி ஒவ்வொரு ஆட்டிடமும் போய்க் கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இவர்கள் வாயால் சொன்னதை எந்தக் காலத்தில் கேட்டார்கள்? இவர்களுக்குத் தெரிந்த ஒரே பாஷை முன்னால் போகிற வால்தான்.

வேலிக்கதவு திறந்தது. "வாங்க, வாங்க! புது உலகம் கூப்பிடுது!" என்று கர்னல் சரிவில் கால் வைத்தார்.

எப்போதும் கடைசியில் நிற்கிற ஹெப்சி, எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். சைலஸுக்கும் கர்னலுக்கும் நடுவே தலையைச் செருகினாள்.

"ஏய்! அது என் இடம்!" என்று சைலஸ் கத்தினார்.

"பின்னால நின்னா சந்தேகக்காரி. முன்னால வந்தா அடங்காப்பிடாரி. உங்களுக்கு நான் எங்கேதான் நிக்கணும்?"

சைலஸ் பதில் யோசிப்பதற்குள் அவர் மூக்குக்கு முன்னால் ஹெப்சியின் வால் ஆடியது. வால் தெரிந்துவிட்டதே! கால்கள் தாமாக நடந்தன.

சரிவின் உச்சியில் பெரிய கதவு. உள்ளே இருட்டு; ஒரு சூடான வாடை. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆடு மட்டும் நுழையக்கூடிய சின்னக் கதவு. கர்னலைக் கண்டதும் காவல்காரன் அதைத் திறந்து பிடித்தான்.

கர்னல் சட்டென்று ஒதுங்கினார். "நேராப் போங்கம்மா. உங்க வழி அது."

"உங்க வழி?"

"எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

"நீங்க போற வழியே எனக்குப் போதுங்கய்யா!" என்ற ஹெப்சி, கர்னலின் வாலைப் பல்லால் கவ்விப் பிடித்தாள்.

கர்னல் அலறிக்கொண்டு சின்னக் கதவுக்குள் பாய்ந்தார். வாலோடு ஹெப்சியும் போனாள். அவள் வாலுக்குப் பின்னால் சைலஸ். சைலஸ் வாலுக்குப் பின்னால் மொத்த மந்தை! காவல்காரன் கதவைச் சாத்தப் பார்த்தான். கதவிடுக்கில் சிக்கிய கம்பளியை மட்டும் சேர்த்தால் அவன் தெருவுக்கே சட்டை தைக்கலாம். ஆனால் கதவைச் சாத்த முடியவில்லை.

"என் பின்னால வராதீங்க! வராதீங்க!" என்று கர்னல் கத்தினார். வாழ்நாளில் அவர் சொன்ன முதல் உண்மையான வார்த்தை அதுதான். அதையும் யாரும் நம்பவில்லை.

பயத்தில் அவர் கதவுக்கு அந்தப்புறம் இருந்த தன் கொட்டகையைத் தாண்டி ஓடினார். வைக்கோல் வண்டி வருகிற வாசல் வழியே தெருவுக்குப் பாய்ந்தார். டிராம் வண்டி நின்றது. ஒரு போலீஸ்காரர் ஊதல் ஊதினார். கிழட்டு ஆடு போகிற போக்கில் அவர் தொப்பியைத் தின்றுவிட்டுப் போனது. பின்னால் துரத்தி வந்தவர்களுக்கும் மந்தைக்கும் நடுவே ஒரு சரக்கு ரயில் புகுந்தது. அது எவ்வளவு நீளம் என்றால், கடைசிப் பெட்டி கடப்பதற்குள் துரத்தியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, எதற்குத் துரத்தினோம் என்பதையே மறந்துவிட்டார்கள்.

ஊருக்கு வெளியே நாணல் காடு. அதற்கு அப்பால் புல். இடுப்பளவு எல்லாம் இல்லை, கணுக்காலளவு. ஹெப்சி வாலை விட்டாள். மந்தை மூச்சு வாங்கியது.

சைலஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "கர்னல் ஐயா! சொன்னபடியே மேய்ச்சலுக்குக் கொண்டுவந்து சேர்த்துட்டீங்களே! நீங்க இல்லேன்னா எங்க கதி என்ன ஆகியிருக்கும்!"

மந்தை வாழ்த்துச் சொன்னது. கர்னல் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! இது வெறும் ஆரம்பம்! இதைவிடப் பெரிய மேய்ச்சல் ஒண்ணு எனக்குத் தெரியும்..."

ஹெப்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். நாலு குளம்பும் புகை எழும்புகிற பக்கம், சிகாகோவை நோக்கித் திரும்பியிருந்தன.

இந்த முறை அவள் வாதாடவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், புகைக்கு முதுகைக் காட்டி, புல்லை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். சைலஸ் கண்ணுக்கு முன்னால் ஒரு வால் ஆடியது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனார். அவர் பின்னால் மொத்த மந்தையும் போனது. கர்னல் சரித்திரத்தைத் தேயிலைப் பெட்டிவரை சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தபோது, எதிரில் கேட்பதற்கு நாணல் மட்டும்தான் நின்றது.

வழிகாட்ட வருகிறவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்டாலும், அவர் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகே நாம் அடி எடுத்து வைக்க வேண்டும்.