நெடுங்கொம்பி சொன்ன பொய்

இந்தக் கதையை ஒரு ராஜாவோடு ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். என்ன செய்ய, இது ராஜாவே பிறக்காத காலத்துக் கதை. அப்போது ஒரு பெருமரத்தடியில் கொம்பெறும்புகள் வாழ்ந்தன. நெற்றியில் ஒரு கொம்பு, அரிவாள் மாதிரி மேலே வளைந்த தாடை. பார்க்கத்தான் முரடு, குணம் தங்கம்.

அவர்களுக்கு ஒரு வழக்கம். ஈயின் கால் கிடைத்தாலும் எல்லோருக்கும் பங்கு. தனியாகத் தின்றவளோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. ஒருத்திக்கு ஆபத்து என்றாலோ அத்தனை பேரும் ஓடுவார்கள். நின்று யோசிப்பது என்பதே கிடையாது.

ஒருநாள் நெடுங்கொம்பி இரை தேடி முன்னால் மரமேறினாள். தங்கை குறுங்கொம்பியும் இன்னும் இருபது பேரும் கீழே, ஒரு கணுவின் மறைவில் காத்திருந்தார்கள். மேலே பட்டை வெடித்துப் பிசின் வடிந்துகொண்டிருந்தது. நெடுங்கொம்பி தெரியாமல் கால் வைத்துவிட்டாள். ஒரு காலை இழுக்கப் போக, இன்னொரு காலும் ஒட்டிக்கொண்டது.

ஐயோ என்று ஒரு சத்தம் போட்டால் இருபத்தொரு பேரும் வருவார்கள். வந்தவர்கள் திரும்ப மாட்டார்கள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சத்தம் போடவில்லை.

"அக்கா, வரட்டுமா?" என்று கீழிருந்து குறுங்கொம்பி கேட்டாள்.

"வேண்டாம். வழி சரியில்லை."

"அதனாலென்ன, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஏறிவிடுவோம்."

"வேண்டாம். இங்கே இரையும் இல்லை."

"இரை இல்லையென்றால் அங்கே ஏன் நிற்கிறாய்? உன் குரலும் ஒரு மாதிரி இருக்கிறது. இதோ வருகிறோம்."

பிசின் நெஞ்சுவரை வந்துவிட்டது. நெடுங்கொம்பி குரலைக் கெட்டியாக்கிக்கொண்டாள்.

"கொழுத்த புழு ஒன்று கிடைத்திருக்கிறதடி. நான் மட்டும் தின்னப்போகிறேன். பங்கு கேட்டு ஒருத்தியும் வந்துவிடாதீர்கள்."

 "சீ, நீயும் ஒரு அக்காவா?" என்றாள் குறுங்கொம்பி. எல்லோரும் திரும்பி நடந்தார்கள். அந்தக் காலடிகள் தூரமாகப் போகப் போக நெடுங்கொம்பிக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் வெயில் ஏறியதும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாமென்று குறுங்கொம்பி மட்டும் போனாள். பிசின் இறுகிக் கண்ணாடியாய் நின்றது. உள்ளே அக்கா. தாடைகளுக்கு நடுவே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை.

குறுங்கொம்பி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு இறங்கிப்போய் இருபது பேரிடமும் விஷயத்தைச் சொன்னாள்.

காலம் போயிற்று. மரம் மண்ணாயிற்று, பிசின் கல்லாயிற்று, கொம்பெறும்பு இனமே இல்லாமல் போயிற்று. அந்தக் கல் கிடைத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒரே ஒரு எறும்புதான். மற்ற இருபத்தொரு பேர் அதில் இல்லை பாருங்கள், அதுதான் அவள் பெருமை.

தம்மவரைக் காக்கத் துணிந்தவர் தம் பெயர் கெடுவதற்கும் அஞ்சமாட்டார்.